பாலாய்க்குத் துணைக்கு ஒரு ஆள்

எங்கள் பட்டணத்தில் ஒரு பெண்ணின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினால், காலைப் பூசைக்குள் கோயிலில் தெரிந்துவிடும். பத்து மணிக்குள் சந்தை முழுக்கப் பரவிவிடும். மத்தியானத்துக்குள் எல்லாத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வாட்ஸ்அப் குழுவிலும் வந்துவிடும். பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில் மட்டும் அப்படி ஒன்று நடந்ததாகவே பதிவு இருக்காது. யாரும் போய்ச் சொல்வதில்லை.

"நம்ம ஆளுங்களுக்கு விவரம் பத்தாது, ரிப்போட் பண்ணத் தெரியாது" என்று கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் மேடையில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது. விவரம் இல்லாமல் இல்லை. எங்கள் சனங்கள் விவரம் தெரிந்துதான் ஒதுங்கிப் போகிறார்கள். ஆனால் அப்படி ஒதுங்குவதால் யார் நட்டப்படுகிறார்கள் என்பதையும் நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஊர் மலேசியாவின் கெடா மாநிலத்தில், தெற்குப் பக்கம் இருக்கிறது. பெயர் வேண்டாம். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம், இப்போது செம்பனை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது லயங்களில் இருந்தவர்கள் இறங்கி வந்து மலிவு விலை வீடுகளில் குடியேறினார்கள். நான் கடைத்தெருவில் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். சொக்சோ பாரம், இபிஎஃப் பாரம், ஐசி (அடையாள அட்டை) நகல், கருமக்கிரியை நோட்டீஸ் என்று ஒரு வீட்டின் கஷ்டம் முழுக்கக் காகிதமாக என் மேசைக்கு வரும். பாரம் நிரப்பிக் கொடுப்பதில் தொடங்கியதுதான் பாலாய்க்குத் துணைக்குப் போகும் வேலையும்.

ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். எழுபதைத் தாண்டியவர், நாற்பது வருஷத்துக்குக் குறையாமல் மரம் சீவியவர். விடியற்காலை சந்தைக்கு நடந்து போகையில் மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் என் கடைக்கு வந்தபோது அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளினிக் அட்டையை லேமினேட் பண்ண வந்திருந்தார். அட்டையை நீட்டிய கையில் முழங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது. கழுத்தில் இடப்பக்கம் காதுக்குக் கீழிருந்து தொண்டைக் குழி வரை சிவப்பாக ஒரு கோடு. நான்தான் கேட்டேன்.

"ரிப்போட் பண்ணலையா பாட்டி?"

"எதுக்கு? போனா என் பேரன் பேரத்தான் கேப்பாங்க. வீட்டு நம்பர எழுதிக்குவாங்க. அப்புறம் ராத்திரியில வந்து கதவத் தட்டுவாங்க. சங்கிலி போனா போவுது, பேரன் இருக்கட்டும்."

பேரன் மேல் எந்த வழக்கும் கிடையாது. ஒரு நாள் இரவு கோப்பிக் கடையில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தவனை, சிறுநீர்ச் சோதனை என்று மொத்தமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். சோதனையில் ஒன்றும் இல்லை, மறுநாள் விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த ஒரு இரவு அந்த வீட்டில் இன்னும் முடியவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் பாட்டி விளக்கை அணைத்துவிடுவார்.

இந்தப் பயம் நேற்று முளைத்ததில்லை. 1947ல் இதே கெடாவில், பீடோங், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் தொழிலாளர்களின் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது. போலீஸ் லாரி லாரியாக வந்தது. டப்ளின் தோட்டத்தில் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டதில் ஒரு தொழிலாளி இறந்தார். அடுத்த வருஷம் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் வந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்குக் கணக்கு. என் அப்பா அந்த வேலிக்குள் வளர்ந்தவர். வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறவனைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும் என்பதைத்தான் அவருக்கு முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். காக்கி போய் நீலச் சட்டை வந்து எத்தனையோ காலம் ஆன பிறகும், ரோட் பிளாக்கைக் கண்டால் அவர் மோட்டாரை நிறுத்தி, யாரும் கேட்கும் முன்னே ஐசியை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வார்.

பாட்டியைச் சம்மதிக்க வைக்க நாளாயிற்று. கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் நடந்து கூட்டிப் போனோம். முகப்பில் இருந்தவன் சின்னப் பையன், புதிதாக வந்த கான்ஸ்டபிள். அவன் கணினியில் தட்டத் தட்ட, பாட்டியின் தோட்டத்து மலாயை நான் அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லிக்கொண்டு வந்தேன். நேரம், இடம், மோட்டாரின் நிறம், பின்னால் இருந்தவன் போட்டிருந்த சட்டை. எல்லாம் சரியாகப் போனது. அப்புறம் அவன் கேட்டான்: வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள்?

பாட்டியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்த இடம் வலித்தது. அவர் எது நடக்கும் என்று சொன்னாரோ அதே கேள்வி. அந்தப் பையன் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்கமாட்டான் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அது அந்த ரிப்போட்டுக்குத் தேவையில்லாத கேள்வி. பின்னாலிருந்த ஒரு வயதான சார்ஜன், மலாய்க்காரர், தலையை நிமிர்த்தி, "அது வேண்டாம், சங்கிலியைப் பற்றி மட்டும் எழுது" என்றார். எழுந்து வந்து பாட்டிக்கு நாற்காலியைத் தள்ளிப் போட்டு, தண்ணீர் போத்தல் ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார். பாட்டி அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. ஆனால் போகும்போது எடுத்துக்கொண்டு போனார்.

அச்சடித்து வந்த தாளை வாசித்துப் பார்த்தேன். சங்கிலி இருந்தது, கழுத்தும் முழங்கையும் இல்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: கையெழுத்துப் போடும் முன் வாசியுங்கள், வாசிக்கத் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காயம் விட்டுப்போனால் அது தண்டனைச் சட்டத்தின் 379வது பிரிவில் வெறும் திருட்டாகப் போய்விடும். காயப்படுத்திக் கொள்ளையடித்தால் 394, தண்டனையும் பெரியது, விசாரிக்கிறவர்களுக்கும் அக்கறை கூடும். சார்ஜனிடம் பாட்டியின் கழுத்தைக் காட்டினேன். திருத்தி அடித்துக் கொடுத்தார்கள், மருத்துவமனைக்கும் கடிதம் கொடுத்தார்கள். ரிப்போட் தாளில் மொழிபெயர்த்தவருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என் பெயரும் ஐசி எண்ணும் ஏறின. அந்தக் கட்டம் காலியாக இருக்கும் ரிப்போட்டுகள் எத்தனையோ என் மேசைக்கு நகலெடுக்க வருகின்றன. மலாய் சரியாகப் பேச வராதவர்கள், தங்களுக்குப் புரியாத தாளில் தனியாகக் கையெழுத்துப் போட்டு வந்திருப்பார்கள்.

சங்கிலி கிடைக்கவில்லை. ஆனால் பாட்டி போனது தெரிந்ததும், அதே மோட்டாரால் சங்கிலி இழந்த வேறு பெண்களும் கிளம்பிப் போய் எழுதிவைத்தார்கள். அதுவரை வாய் திறக்காதவர்கள். கொஞ்ச காலம் விடியற்காலையில் சந்தை ரோட்டில் போலீஸ் மோட்டார் சுற்றியது. அப்புறம் நின்றுவிட்டது. அறுக்கிறவன் முட்டாள் இல்லை. எந்தத் தாமானில் பெண்கள் புகார் செய்யமாட்டார்கள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

புகார் கொடுக்கப் போவது ஒரு வகை. பிள்ளையைத் தேடிப் போவது இன்னொரு வகை. இரண்டாவதற்குப் போய் வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

எங்கள் தாமானில் ஒரு தாய். மகனுக்குப் பத்தொன்பது வயது, தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். சாதாரண உடையில் வந்தவர்கள் வீட்டு வாசலில் வைத்துப் பிடித்துப் போனார்கள். எங்கே என்று சொல்லவில்லை. நள்ளிரவுக்கு மேல் அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார், இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. எங்கள் ஊர் பாலாயில் அவன் பெயர் இல்லை. அடுத்த ஊரிலும் இல்லை. மூன்றாவது இடத்தில் ஒருவர், காலையில் வாருங்கள் என்றார். இருக்கிறானா இல்லையா என்பதற்குப் பதில் இல்லை. காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்த அம்மா ஒரு பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார். "குகன் மாதிரி ஆயிடக்கூடாதுக்கா. குகன் மாதிரி ஆயிடக்கூடாது."

2009 ஜனவரி 20ஆம் தேதி, சிலாங்கூரில் தைப்பான் போலீஸ் நிலையத்தில் இறந்த குகன் ஆனந்தனைத்தான் சொன்னார். 22 வயது. முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததாகச் சொன்னது. குடும்பம் விடாமல் போராடி இரண்டாவது பரிசோதனை நடத்தியது. உடம்பு முழுக்க அடிபட்ட காயங்கள் அதில் வெளியே வந்தன. 2013 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்தக் குடும்பத்துக்கு எட்டு லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஒரே ஒரு கான்ஸ்டபிள் சிறைக்குப் போனார், அதுவும் காயப்படுத்திய குற்றத்துக்கு. அந்தச் செய்தி வந்த நாட்களில் எங்கள் ஊர் கோப்பிக் கடையில் நம்மவர்களே பேசினார்கள்: "கார் திருடன்தானே, சும்மாவா பிடிச்சிருப்பாங்க?" எனக்கு இன்றும் அந்தப் பேச்சு ஆறவில்லை. சந்தேகத்தில் பிடிபட்டவன் அவன். எந்த நீதிமன்றமும் அவனைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அடித்துக் கொல்ல எந்தச் சட்டம் இருக்கிறது?

2021ல் கோம்பாக்கில் கணபதி என்ற மாட்டுப்பால் வியாபாரி. நாற்பது வயது, சொந்தக்காலில் நின்றவர். காவலில் இருந்தவரை மருத்துவமனையில் சேர்த்து, காலை வெட்டி எடுத்து, ஏப்ரலில் இறந்தும் போனார். உள்ளே அடித்ததாக மகன் தன்னிடம் சொன்னான் என்று அவர் தாய் வெளியே வந்து சொன்னார். நாட்டின் மக்கள்தொகையில் இந்தியர்களான நாம் ஏறக்குறைய 7 சதவீதம்தான். காவலில் இறந்தவர் செய்தி வரும்போதெல்லாம் பெயரைப் பார்க்கும் முன்பே மனசு பதறுகிறது என்றால், அதை விவரமில்லாத பயம் என்று எப்படிச் சொல்வது?

விடிந்தபோதுதான் மகன் வேறு மாவட்டத்தில் இருப்பது தெரிந்தது. நேராக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போனோம். பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும், அரசியலமைப்பின் 5ஆவது பிரிவிலேயே இருக்கிறது. பிடித்த காரணத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல விட வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 28ஏ என்று தேடினால் வரும். தடுத்துவைக்கும் நாளுக்கும் கணக்கு உண்டு: 14 வருஷத்துக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றமென்றால் முதலில் அதிகபட்சம் 4 நாள், மறுபடி கேட்டால் 3 நாள். 14 வருஷமோ அதற்கு மேலோ போகும் பெரிய குற்றமென்றால் ஏழும் ஏழும். பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டத்தில் பிடித்தால் இந்தக் கணக்கு எதுவும் இல்லை, 28 நாள் வரை போகும். வழக்கறிஞருக்குக் காசில்லை என்று மனம் விட வேண்டாம். தேசிய சட்ட உதவி அறக்கட்டளை இருக்கிறது, நீதிமன்றங்களில் ரிமாண்ட் நேரத்தில் அவர்களுடைய வழக்கறிஞர்கள் வருகிறார்கள். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தவர் இளம் பெண், சீனர். அந்த அம்மாவின் இரண்டு செருப்பையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தன் காரிலிருந்து ஒரு ஜோடி எடுத்து வந்து கொடுத்தார்.

அவர் உள்ளே போய்ப் பேசினார். நான்கு நாள் கொடுத்தார்கள். நான்காம் நாள் பையன் வெளியே வந்தான், வழக்கு எதுவும் போடவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. நைட் ஷிப்ட் வேலை போய்விட்டது.

சாதாரண உடையில் வந்து நிற்கிறவர்களிடம் அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. அட்டையின் நிறத்தைப் பாருங்கள்: இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும் நீலம், அதற்குக் கீழே மஞ்சள், ரிசர்வ் போலீசாருக்கு வெள்ளை. சிவப்பு அட்டையென்றால் வேலையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவர், அவருக்கு உங்கள் மேல் எந்த அதிகாரமும் இல்லை. மரியாதையாகக் கேளுங்கள், குரலை உயர்த்தாமல் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். பெயரையும் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தாமானில் இதைத் தமிழில் ஒரே தாளில் அடித்து வீட்டு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். சிலர் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

புருஷன் அடிக்கிற பெண்கள் விஷயம் இன்னும் கஷ்டம். ஒருத்தி, உதடு கிழிந்து வந்தவள், பாலாய் என்றதுமே சொன்னாள்: "இந்திரா காந்திக்கே புள்ளையைக் கண்டுபிடிச்சுக் குடுக்கல. எனக்கா செய்யப் போறாங்க?" ஈப்போ இந்திரா காந்தியை அறியாத தமிழ்ப் பெண் இந்த நாட்டில் இருக்கமாட்டாள். 2009ல் 11 மாதக் கைக்குழந்தையை முன்னாள் கணவர் தூக்கிக்கொண்டு போனார். அவரைப் பிடிக்கும்படி 2016ல் கூட்டரசு நீதிமன்றமே போலீஸ் படைத்தலைவருக்கு உத்தரவிட்டது. இதை எழுதும் நாள் வரை அந்தத் தாய் மகளைப் பார்க்கவில்லை. உதடு கிழிந்து வந்தவளிடம் நான் என்ன பதில் சொல்ல? பாலாயை விட்டுச் சமூகநலத் துறைக்குக் கூட்டிப் போனேன். அங்கே அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்க முடியும், 7 நாளுக்குச் செல்லும், அதற்குப் போலீஸ் ரிப்போட் கட்டாயமில்லை. அந்த 7 நாளில் மூச்சு வாங்கிக்கொண்டு, அப்புறம் அவளாகவே ரிப்போட் எழுத வந்தாள்.

எங்கள் பாலாயில் நம் பையன் ஒருவன் கார்ப்பரலாக இருக்கிறான். தமிழ்ப்பள்ளியில் படித்தவன், அவன் அம்மா இன்னும் இதே தாமானில்தான். கடைக்கு வந்தால் சனங்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். கல்யாணத்துக்கு வந்தால் தனி மேசையில் உட்கார்கிறான். அவனை இப்படித் தள்ளிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சங்கிலி அறுத்தவனைப் பற்றிக் கொஞ்சமாவது தேடியது அவன்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த வேலைக்குப் போகாவிட்டால் முகப்பில் தமிழ் கேட்கவே கேட்காது. ஆனால் அவனும் உள்ளே நடப்பதைக் கண்டால் பேச வேண்டும். அதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

மேலிடத்தில் ஒன்றும் நடக்காமல் இல்லை, நடப்பது நத்தை வேகத்தில். முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமது ஸைடின் அப்துல்லா தலைமையிலான அரச ஆணையம் 2005ல் 125 பரிந்துரைகள் கொடுத்தது. போலீசின் தவறுகளை விசாரித்துத் தண்டிக்கும் தனி ஆணையம் வேண்டும் என்பது அதில் முக்கியமானது. கடைசியில் 2022ல் சட்டம் நிறைவேறி, 2023 ஜூலை 1 முதல் வேறொரு ஆணையம் வந்தது. அது விசாரிக்கலாம், ஆனால் தானே தண்டிக்க முடியாது, பரிந்துரைதான் செய்யலாம். லாக்கப்பைப் பார்க்கப் போவதென்றாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லிவிட்டு வருகிறவர்களுக்கு லாக்கப் எப்படிக் காட்சி தரும் என்பது எங்கள் பாட்டிக்கே தெரியும். இருந்தாலும் புகார் அனுப்புங்கள் என்றுதான் சொல்கிறேன். அனுப்பாவிட்டால் எங்கள் ஊரில் குறையே இல்லை என்று கணக்கு எழுதுவார்கள்.

தாமான் பெண்கள் சேர்ந்து மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்கு ஒரு மனு கொடுத்தோம். இரண்டே விஷயம். ஒருவரைப் பிடித்துக் கொண்டுவந்தால் அவர் எந்த நிலையத்தில் இருக்கிறார் என்று வீட்டுக்கு ஒரு போன். முகப்பில் தமிழ் பேசுகிறவர்களின் பட்டியல், கூப்பிட்டால் வருகிற மாதிரி. உட்காரவைத்துப் பேசினார்கள், தேநீர் கொடுத்தார்கள், பார்க்கிறோம் என்றார்கள். வீட்டுக்குப் போன் செய்யக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. பட்டியலை நாங்களே தயார் பண்ணிக் கொடுங்கள் என்றார்கள்.

அந்தப் பட்டியலில் இப்போது என்னைத் தவிர ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், முன்பு தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவரும்தான் இருக்கிறார்கள். இன்னும் ஆள் வேண்டும். கூலிம், பாடாங் செராய், லூனாஸ், சுங்கைப்பட்டாணிப் பக்கம் இருப்பவராக, மலாய் சரளமாகப் பேசுபவராக, இரவில் போன் வந்தால் எடுப்பவராக இருந்தால் போதும். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. பெண்கள் வந்தால் ரொம்ப நல்லது. வெள்ளி, சனி நமக்கு விடுமுறை, வெள்ளிக்கிழமை மாலை கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து ரிப்போட் தாளை எப்படி வாசிப்பது என்று சொல்லித் தருகிறேன். இந்தப் பதிவின் கீழே உங்கள் ஊரை மட்டும் எழுதிவிடுங்கள், நானே தொடர்பு கொள்கிறேன்.